இரண்டாவது காபி

உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காரு.

பத்து நிமிஷம் என்று போனில் சொன்னாய். பத்து என்றால் பத்து. நான் முப்பத்தோரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். தராசு, எடைக்கல், ஜவுளிக்கடை மீட்டர் கோல், பெட்ரோல் பங்க் குழாய், எல்லாம் சோதித்து முத்திரை குத்தியவன். பத்து என்று சொல்லி ஒன்பதே முக்கால் கொடுக்கிறவனையும் பார்த்திருக்கிறேன். பத்து என்று சொல்லி ஒரு மணி நேரம் உட்காருகிறவனையும் பார்த்திருக்கிறேன்.

என்ன கேட்க வந்தாய் என்று தெரியும். கோமதிநாயகம் என்கிற இந்தக் கிழவன் நிரப்பிக் கொடுத்த பாரத்தில் எண்கள் தாறுமாறாக இருக்கின்றன. அதுதானே? முதல் நான்கு வாரம் நான்கு, நான்கு, நான்கு. இருபத்தொன்பதாம் நாள் ஒன்பது. அப்புறம் ஏழு, எட்டு. ஆய்வு முடிந்த பிறகு தபாலில் அனுப்பினீர்களே பாரம், அதில் ஒன்று. போன வாரம் திருப்பி அனுப்பும்போது அந்த ஒன்றையும் அடித்துவிட்டு அரை. உங்கள் பேராசிரியை பயந்துபோய் உன்னை அனுப்பியிருக்கிறார்.

எனக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை இருக்கிறது, அது எல்லாருக்கும் இருக்கிறது.

பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். எதிர்வீட்டு சுயம்புலிங்கத்துக்கு உங்கள் பல்கலைக்கழகத் தாளில் ஒரு கடிதம் கொடு. 'ஆய்வு மேலும் ஆறு வாரத்துக்கு நீட்டிக்கப்படுகிறது, பழையபடி தொடரவும்.' அவ்வளவுதான். கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு. எனக்கு வேண்டாம். அவருக்கு மட்டும்.

ஏன் என்று கேட்காதே.

கேட்டுவிட்டாய். சரி. எழுது.

ஜூன் மாசம் கீழே குடியிருப்புச் சங்கக் கட்டடத்தில் கூட்டம். உங்கள் பேராசிரியை திரையில் படம் போட்டுப் பேசினார். கொடுப்பது, வாங்குவது, மனநிறைவு, ஆயுள். சமோசா வைத்திருந்தார்கள். சின்னது. கடைசியில் ஆளுக்கொரு உறை கொடுத்தார். வீட்டில் போய்ப் பிரிக்கணும், அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. உறையில் இருக்கிறதை நாற்பத்திரண்டு நாள் செய்யணும். சாயங்காலம் ஆறு மணிக்கு, இன்று எவ்வளவு மகிழ்ச்சி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் போடணும்.

நான் எழுந்து கேட்டேன். "அம்மா, இந்த அளவுக்கு முத்திரை யார் குத்தினது?"

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு கிலோ என்றால் அதற்கு ஒரு மூலக்கல் உண்டு. பிரான்சில் கண்ணாடிக்குள்ளே பூட்டி வைத்திருந்தார்கள். மகிழ்ச்சிக்கு மூலக்கல் எங்கே? என் ஆறும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெலன் டீச்சரின் ஆறும் ஒரே எடையா? "நல்ல கேள்வி சார்" என்றார் உங்கள் பேராசிரியை. நல்ல கேள்வி என்று சொல்கிறவர்களிடம் பதில் இருப்பதில்லை.

என் உறை மஞ்சள். உள்ளே ஒரே வரி. 'தினமும் உங்களுக்காக ஒரு நல்ல காரியம் செய்யுங்கள்.'

இரண்டாம் மாடி ஹெலன் டீச்சருக்கு நீலம். 'தினமும் பிறருக்காக ஒரு நல்ல காரியம் செய்யுங்கள்.' எனக்கு எப்படித் தெரியுமா? ரகசியம் என்று சொன்னீர்கள் இல்லையா, மறுநாள் காலையில் பால்காரருக்கே தெரியும். முப்பது வருஷம் வகுப்பில் பேசின வாய்.

டீச்சர் பண்ணின அட்டகாசம் தனிக் கதை. பிளம்பரின் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். திருடுகிறார் என்று அவன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினான். தரைத்தளத்து பஷீர் கள்ளிச்செடி வளர்க்கிறார். டீச்சர் அதற்குப் பதினோரு நாள் தண்ணீர் ஊற்றினார். செடி அழுகிப் போயிற்று. அன்றைக்கு டீச்சர் பத்து போட்டாராம். பஷீர் இரண்டு. இதையெல்லாம் உங்கள் பேராசிரியை எந்தத் தட்டில் வைத்து நிறுக்கப் போகிறார்?

சரி, என் கதைக்கு வா.

எனக்காக நான் என்ன செய்துகொள்ள? வேட்டி இருக்கிறது. செருப்பு இருக்கிறது. புனேயில் மகள் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் போடுவாள். என் வீட்டுக்காரி சிவகாமி போய் ஆறு வருஷம். டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு காபிதான் என்றிருந்தார். அதனால் முதல் நாள் 'இரண்டாவது காபி' என்று எழுதினேன். எண் நான்கு. இரண்டாம் நாள் இரண்டாவது காபி. நான்கு.

ஏன் நான்கு? இதை ஒழுங்காக எழுதிக்கொள். தராசைச் சோதிக்கும்போது முதலில் வெறும் தட்டைப் பார்க்கணும். ஒன்றும் வைக்காதபோது முள் எங்கே நிற்கிறது? அதைக் குறித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம். வெறும் வீட்டில் என் முள் நான்கில் நின்றது. அவ்வளவுதான். அதற்கு ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறாய்?

நாலாம் நாள் காலையில் மணி அடித்தது. திறந்தால் சுயம்புலிங்கம். கையில் ஒரு தூக்குவாளி.

நாங்கள் பேசிப் பத்தொன்பது வருஷம். அவர் மார்க்கெட் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தார். நான் சோதனைக்குப் போனேன். ஒரு கிலோ துவரம்பருப்பில் பதினைந்து கிராம் குறைவு. கேஸ் போட்டேன். தராசைப் பறிமுதல் செய்தேன். சட்டம். அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் கடையில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் தராசைத்தான் பார்ப்பேன். அந்தச் சம்பந்தம் முறிந்தது. வேறு இடத்தில் நடந்தது, நல்லாத்தான் இருக்கிறாள். அப்புறம் நான் ஓய்வு பெற்று இந்த வீட்டை வாங்கினேன். ஆறு மாசம் கழித்து அவர் எதிர்வீட்டை வாங்கினார். எதிரே நான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தபோது பத்திரம் பதிவாகியிருந்தது.

மூன்றாம் மாடியில் இரண்டே வீடு. எதிரெதிர்க் கதவு. ஒன்பது வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. அவர் மனைவி பேரப்பிள்ளையைப் பார்க்கக் கோயம்புத்தூர் போய் அங்கேயே இருக்கிறார். இவர் தனியாகச் சமைக்கிறார். கடுகு தாளிக்கிற வாசனையில் தெரியும். கருக விடுவார்.

அந்த ஆள் என் வாசலில்.

"பிடியும்" என்றார்.

"என்னது?"

"கூட்டாஞ்சோறு."

"எதுக்கு?"

"திங்கத்தான். பின்னே, சீல் வைக்கவா?"

வாளியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே வந்து நிறுத்துப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு கிராம். வாளி நீக்கி. ஏன் நிறுத்தேன் என்றால் என்ன சொல்ல? கை பழக்கம். சாப்பிட்டேன். முருங்கைக்கீரை நிறைய. மறுநாள் வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உப்பு பத்தல" என்றேன்.

"இன்ஸ்பெக்டருக்கு நாக்கும் உண்டோ? நான் வெறும் முள்ளுன்னுல்லா நினைச்சேன்" என்றார்.

அன்றைக்குக் கீழே போய் எனக்குப் பேப்பர் எடுத்துவந்தார். அடுத்த நாள் குழாய்க்கு வாஷர் மாற்றினார். அதற்கடுத்த நாள் என் செருப்பைக் கேட்காமல் எடுத்துப்போய் வார் தைத்துக் கொண்டுவந்தார். எட்டாம் நாள் எனக்குப் புரிந்துவிட்டது. நீல உறை!

பாரு. ஆளுக்கு மூட்டுவலி. லிஃப்ட் ஓடி இரண்டு வருஷம் ஆகிறது. தினமும் 'பிறர்' ஒருவர் வேண்டும். படி இறங்காமல் கிடைக்கிற பிறர் நான் ஒருத்தன்தான்.

பேப்பர் கீழே போய்த்தானே எடுத்துவந்தார் என்கிறாயா? குறுக்கே பேசாதே. எழுது.

உறைதான் காரணம் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி. பிரியத்தில் ஒருத்தன் சோறு கொண்டுவந்தால் தொல்லை. நாமும் பதிலுக்கு ஏதாவது செய்யணும், பல்லைக் காட்டணும். இது பல்கலைக்கழக உத்தரவு. அதனால் உள்ளே வரச் சொன்னேன். "நின்னுக்கிட்டே ஏன் டூட்டி பாக்கீரு" என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. ரகசியம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

வந்தவர் உட்கார்ந்தார். என் இரண்டாவது காபி நேரம். ஒரு மனுஷன் எதிரே உட்கார்ந்து பார்க்க நான் மட்டும் எப்படிக் குடிக்கிறது? கொடுத்தேன். மூன்று ஸ்பூன் சீனி கேட்டார். மறுநாளும் கொடுத்தேன். பாரத்தில் 'இரண்டாவது காபி' என்றுதான் எழுதினேன். போட்டது உண்மை. யார் குடித்தது என்று எழுதப் பாரத்தில் கட்டம் இல்லை. அது உங்கள் தப்பு.

உறிஞ்சிக் குடிப்பார். பக்கத்து ஊருக்குக் கேட்கும். நான் நான்கே போட்டேன்.

இருபத்தொன்பதாம் நாள்தானே உனக்கு வேண்டும். வருகிறேன்.

அன்றைக்கு என் சமையலறைத் தராசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபி ஆறிவிட்டது. திடீரென்று, "வே இன்ஸ்பெக்டர், ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளும்."

"அன்னிக்குத் தட்டைத் திருப்பிப் பாத்தீரா?"

"என்னிக்கு?"

"என்னிக்கா? எம் மானம் போன அன்னிக்கு. பருப்புத் தட்டுக்கு அடியில புளி ஒட்டியிருந்துச்சு வே. காலையில புளிச் சிப்பத்தை உடைச்சிருக்கான், கடைப் பையன் அது மேல தட்டை வச்சு எடுத்திருக்கான். நீர் தராசைத் தூக்கிட்டுப் போகும்போது நான் பாத்தேன். கத்துனேன். நீர் ஜீப்புல ஏறிட்டீரு."

"புளியா இருந்தா என்ன, கோந்தா இருந்தா என்ன? வாங்குறவனுக்குப் பருப்பு குறைவுதானே?"

"குறைவுதான். நான் இல்லைங்கலையே. ஆனா நான் களவாணி இல்லை. அதைச் சொல்லும்."

"உம்மைக் களவாணின்னு எந்த ஃபைல்ல எழுதியிருக்கு? எடை குறைவுன்னுதான் எழுதினேன்."

"ஃபைல்ல எழுதலை. எல்லாவன் மூஞ்சியிலயும் எழுதிட்டுப் போயிட்டீரு!"

சண்டை பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம். நான் சட்டப்பிரிவு சொன்னேன். அவர் மேஜையைத் தட்டினார். நானும் தட்டினேன். அந்த நாற்காலிக் கால் அன்றைக்குத்தான் ஆட ஆரம்பித்தது. சத்தம் கேட்டு ஹெலன் டீச்சர் மேலே வந்துவிட்டார், சமாதானம் பண்ண. அவருக்கு அன்றைய நல்ல காரியம் இன்னும் ஆகவில்லை போல. நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் "போங்க டீச்சர்" என்றோம். டீச்சர் இறங்கிப் போனதும் அவர்தான், "இன்னொரு காபி போடும். இது பச்சத்தண்ணியாப் போச்சு" என்றார்.

போட்டேன். ஆறு மணிக்கு ஒன்பது என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால்? அன்றைக்கு நல்ல பசி. நன்றாகச் சாப்பிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு விளையாட்டு பிடித்தோம். விளையாட்டு என்று எழுதாதே, சோதனை என்று எழுது. ஏதாவது ஒரு பொருளை அவர் கையில் தூக்கி எடை சொல்வார். நான் தராசில் வைப்பேன். தக்காளி, பூட்டு, என் கண்ணாடிக்கூடு, பஞ்சாங்கம். ஒரு தேங்காயைத் தூக்கி அறுநூற்று நாற்பது என்றார். அறுநூற்று நாற்பத்திரண்டு. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"இந்தக் கையை வச்சுக்கிட்டா புளி ஒட்டினதைக் கவனிக்காம விட்டீரு?" என்றேன்.

"சம்பந்தி வந்திருந்தாங்க வே. எம் புத்தி அங்கன இல்ல" என்றார்.

ஏழு, எட்டு எல்லாம் அந்த நாட்கள்தான். தராசு நல்ல நிலையில் இருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள். என் மனசில் இருந்ததைச் சொல்கிறேன். பாவம், மூட்டுவலிக்காரர், உத்தரவு முடிந்த பிறகும் கூச்சத்துக்காக வந்துகொண்டிருக்கப் போகிறார் என்று நினைத்தேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். "ஓய், இன்னியோட உம்ம டூட்டி முடிஞ்சுது. நாளையிலிருந்து சிரமப்பட வேண்டாம்."

"டூட்டியா?"

"ஆமா. எனக்கு எல்லாம் தெரியும். இனிமே நீர் வந்தாலும் பாரத்துல ஏறாது."

என்னைப் பார்த்தார். டம்ளரில் பாதி காபி இருந்தது. மேஜை மேல் வைத்தார். "சரி" என்றார். எழுந்து போய்விட்டார். கதவைக்கூட மெதுவாகச் சாத்தினார். இதில் நான் தப்பாக ஒரு வார்த்தை சொன்னேனா? நீயே சொல்.

சொல்ல வேண்டாம். முகத்திலேயே தெரிகிறது.

நாற்பத்துமூன்றாம் நாள் மணி அடிக்கவில்லை. இரண்டு டம்ளர் போட்டிருந்தேன், பழக்கதோஷம். ஒன்று ஏடு படிந்து கிடந்தது. நான் சரியாகத்தான் கணித்திருந்தேன். உத்தரவு முடிந்தது, மனுஷனும் முடிந்தான். கேள், இதைத்தான் உங்கள் பேராசிரியை கொடுக்கிற மனசு, மனநிறைவு என்று புத்தகம் போடப் போகிறாரா? நாற்பத்திரண்டு நாள் ஒரு ஆளுக்குச் சோறு கொடுத்துப் பழக்கிவிட்டு, நாற்பத்துமூன்றாம் நாள் நிறுத்தினால் வாங்கினவனுக்கு என்ன ஆகும்? அதற்கு ஏதாவது பாரம் வைத்திருக்கிறீர்களா? கொடுத்தவன் எவ்வளவு மகிழ்ச்சி என்று மட்டும் நிறுக்கிறீர்கள். இது ஒற்றைத் தட்டுத் தராசு அம்மா. நான் பணியில் இருந்திருந்தால் உங்கள் பல்கலைக்கழகத்துக்கே சீல் வைத்திருப்பேன்.

பதினெட்டு நாள் ஆகிறது. அவர் வீட்டு ரேடியோ எனக்குக் கேட்கிறது. என் இருமல் அவருக்குக் கேட்கும். செவ்வாய்க்கிழமை ஒரு தேங்காய் வாங்கினேன். நானே தராசில் வைத்துப் பார்த்தேன். ஐந்நூற்று எண்பது. சரி, ஐந்நூற்று எண்பது. அதற்கு என்ன இப்போது? யாரிடம் சொல்ல?

நான் போய் மணி அடிக்கலாமே என்கிறாயா? எப்படி? என் உறை மஞ்சள். எனக்காக மட்டும்தான் செய்யலாம். எதிர்வீட்டுக்குப் போவது எனக்காகவா? அது எந்த விதியில் வரும்? அதனால்தான் சொல்கிறேன், கடிதம். உத்தரவு வந்தால் அவருக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம். பையில் தாள் இருக்கிறதா பார். முதலில் அவர் வீட்டுக்குத்தானே போய்விட்டு வந்தாய், கதவு கிறீச்சிட்டது. அவரிடமே கொடுத்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும். தேடு, தேடு.

பொறு.

அது என்ன உறை? அவருடையதா?

மஞ்சளாக இருக்கிறது. மேலேயே அவர் பாரமும் குத்தியிருக்கிறது.

மூடாதே. மூடிப் பிரயோசனம் இல்லை. கடைக்காரன் நோட்டைத் தலைகீழாகப் படித்தே முப்பத்தோரு வருஷம் சம்பளம் வாங்கினவன் நான். படித்தாயிற்று. 'உங்களுக்காக ஒரு நல்ல காரியம்.' அவருக்கும் அதேதான். முதல் நாள், 'ஒன்றும் தோன்றவில்லை.' இரண்டாம் நாள், 'தூங்கினேன்.' மூன்றாம் நாள், 'யோசித்தேன்.' நாலாம் நாள், 'எதிர்வீட்டுக்குப் போனேன்.' ஐந்தாம் நாள், 'எதிர்வீட்டுக்குப் போனேன்.' ஆறு. ஏழு. தாள் பூராவும் அதே வரி. இருபத்தொன்பது, 'கேட்டுவிட்டேன்.' எண் பத்து. கடைசியில், 'போனேன். டூட்டி என்றார்.' எண் போடவில்லை.

எண் போடவில்லை.

அக்கிரமம்! எழுது அம்மா, எழுது. அந்த ஆள் உங்களை ஏமாற்றியிருக்கிறார். தனக்காகச் செய் என்று உறையில் தெளிவாக இருக்கிறது. இவர் எனக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறார், செருப்பு தைத்திருக்கிறார். நாலிலிருந்து நாற்பத்திரண்டு வரை, முப்பத்தொன்பது நாள் தொடர் விதிமீறல். உங்கள் ஆய்வே போச்சு. உங்கள் பேராசிரியைக்குத் தெரியுமா இது? நீ ஏன் சிரிக்கிறாய்? என் காபியா? என் காபி வேறு விஷயம்.

வேறு விஷயம்தான். எழுதாதே.

கடிதமா? வேண்டாம். அவருக்கு உத்தரவே கிடையாதாமே, எதை நீட்டிக்க? தாளை உள்ளே வை.

இரு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். உனக்கு இல்லை. நீ வந்து பத்து நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டது. அந்தச் சீனி டப்பாவை மட்டும் நகர்த்து. மூன்று ஸ்பூன். தலைதட்டிப் போடு.

அந்த அரையை அடித்துவிடு. இன்றைய எண்ணா? இப்போது கேட்காதே. வெறும் தட்டைப் பார்க்காமல் எண் சொல்லக் கூடாது. ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பதினோரு கடை, நல்ல வெயில். அந்தத் தட்டை நான் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கணும். இதை நீ எழுதக் கூடாது, இது உங்கள் பாரத்துக்கு உரியது இல்லை. போய்ச் சொல்ல வேண்டிய இடம் நாலடி தள்ளி இருக்கிறது.

கதவைத் திற. பார்க்கவில்லையா, இரண்டு கையிலும் டம்ளர். வழியை விடு. அந்த மணியை நீயே அடி. இன்னும் ஒரு தடவை அடி, காது மந்தம்.

ஓய் சுயம்பு! கதவைத் திறயும்! உம்ம பேர்ல இன்னொரு கேஸ் இருக்கு!